ஒட்டகச் சிலந்தி வளர்ப்பு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

ஒட்டகச் சிலந்தி வறண்ட நிலத்தில் வாழும் எட்டுக்கால் வேட்டை விலங்கு, பெயரில் சிலந்தி இருந்தாலும் உண்மையான சிலந்தி அல்ல. அதைப் பிடித்து வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். முதலில் "கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது" என்பார்கள். சில நாள் கழித்து "சாப்பிட மாட்டேன் என்கிறது". அப்புறம் "அசையாமல் கிடக்கிறது, செத்துவிட்டதா?" மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தோண்டுவதற்கு மண் போதவில்லை. நோயால் சாகும் ஒட்டகச் சிலந்திகள் குறைவு. ஆழமில்லாத தொட்டியிலும் ஈரமான தொட்டியிலும் அளவுக்கு மீறித் தின்றும் சாகிறவைதான் அதிகம்.

இங்கே சொல்வது ஒட்டகச் சிலந்திகளில் கேலியோடெஸ் என்ற பேரினத்து வகைகளுக்கு. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் குடியிருப்பு வாசலிலும் கட்டுமானத் தளத்திலும் பார்க்கும் கேலியோடெஸ் அராப்ஸ், எகிப்திலிருந்து ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் கேலியோடெஸ் கிராண்டி இரண்டுக்கும் இதே வழிமுறை பொருந்தும். வீட்டில் வைத்துக்கொள்ள உங்கள் ஊர் விதி அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முதலில் நகராட்சியிடம் கேட்டுவிடுங்கள். விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

மண்ணின் ஆழத்தை ஒரு அடிக்கோலால் அளந்து பாருங்கள். வளர்ந்த விலங்குக்கு 15 முதல் 20 செ.மீ. வேண்டும். 5 செ.மீ. மணலைப் பரப்பிவிட்டு "பாலைவனம் மாதிரி அமைத்திருக்கிறேன்" என்று படம் அனுப்புகிறவர்கள் நிறைய. அந்த மணலில் வளை நிற்காது. கழுவிய மணல் மூன்று பங்கு, களிமண் ஒரு பங்கு கலந்து, ஒருமுறை நனைத்து, கையால் அழுத்திக் காயவிட்டால் குத்தினால் சரியாத மண் கிடைக்கும். தட்டைக் கல் வைப்பதானால் அது தொட்டியின் அடித்தளத்தில் நிற்கட்டும். மண்மேல் வைத்த கல்லின் அடியைத் தோண்டினால் கல் இறங்கி நசுக்கிவிடும்.

அடுத்து வெப்பம். தொட்டியின் இரண்டு முனைகளிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். பகலில் ஒரு முனை 30 முதல் 33 டிகிரி, மறுமுனை அதைவிட ஐந்தாறு டிகிரி குறைவு, இரவில் இன்னும் கொஞ்சம் இறக்கம். இந்த வித்தியாசம்தான் முக்கியம். ஹீட் மேட்டை, அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பை, தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். இந்த விலங்கு சூடு தாங்காதபோது கீழ்நோக்கித் தோண்டும். அங்கேயும் சூடு என்றால் அதற்குப் போக்கிடம் இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில், ஒரு முனையில் மட்டும் ஒட்டி, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள்.

மூன்றாவது ஈரம். மேல்மண் காய்ந்து, அடிமண் ஒரு மூலையில் மட்டும் லேசாக ஈரப்பதத்தோடு இருப்பது சரி. மேலே தண்ணீர் தெளிப்பது தப்பு. ஒரு மூலையில் அடிவரை ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாக அவ்வப்போது சிறிது தண்ணீர் விட்டால் போதும். தொட்டிக் கண்ணாடியில் பனி படிந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

கடைசியாக வயிறு. மேலிருந்து பார்க்கும்போது வயிறு தலைப்பகுதியைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால் நல்ல நிலை. கீழே வரும் பாதி முடிவுகளை இந்த ஒரு பார்வையே எடுத்துவிடும்.

## கண்ணாடியைப் பிறாண்டுகிறது, ஓயாமல் சுற்றுகிறது

### வந்து சில நாள்தான் ஆகிறது என்றால்

புது இடம். தொட்டியை மூன்று பக்கமும் துணியால் மூடி, இருட்டான, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வைத்துவிட்டு விடுங்கள். இரவு எழுந்து டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் வளை தோண்டி உள்ளே போய்விட்டால் வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

### வாரம் கடந்தும் நிற்கவில்லை என்றால்

மண்ணைப் பாருங்கள். தோண்டத் தொடங்கிய குழிகள் நாலைந்து இருந்து, எல்லாம் பாதியில் சரிந்திருந்தால் மண் கலவை சரியில்லை. குழியே இல்லாமல் நான்கு மூலைகளிலும் கண்ணாடி தெரியும் அளவுக்குச் சுரண்டியிருந்தால் ஆழம் போதவில்லை. மண் நன்றாக இருந்தும் ஓடினால், சூடு கீழிருந்து வருகிறதா, தொட்டிக்கு மேல் இரவு முழுவதும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கேலியோடெஸ் இரவில் நடமாடுவது. வெளிச்சம் கண்டால் நிழலைத் தேடி ஓடும். பகலில் நம் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறது என்று பயப்படுகிறார்களே, அது நம் நிழலுக்குள் வரப் பார்ப்பதுதான்.

வயிறு ஒட்டிப்போயிருந்தால் பசி. ஒரு பூச்சியைக் கொடுத்துப் பாருங்கள்.

### எல்லாம் சரி, இருந்தும் ஓடுகிறது என்றால்

ஆணா பெண்ணா என்று பாருங்கள். உடல் மெலிந்து, கால்கள் நீண்டு, மேல்தாடையின் மேற்புறத்தில் சிறிய மெல்லிய நீட்சி ஒன்று இருந்தால் அது வளர்ந்த ஆண். கோடையில் வீட்டுக்குள் ஓடிவந்து பிடிபடுபவற்றில் கணிசமானவை பெண்ணைத் தேடி அலையும் ஆண்கள்தான். அந்த அலைச்சலை எந்தத் தொட்டியும் தீர்க்காது. உள்ளூரிலேயே பிடித்ததாக இருந்து, வந்து சில நாள்தான் ஆகிறது என்றால், பிடித்த இடத்திலேயே இரவில் விட்டுவிடுவது நல்லது. கடையில் வாங்கியதையும், வேறு ஊரிலிருந்து வந்ததையும் வெளியே விடக் கூடாது.

வயிறு பெருத்த பெண் இப்படி அலைந்தால் முட்டையிட ஆழமான இடம் தேடுகிறது. 20 செ.மீ.க்கு மேல் மண் உள்ள தொட்டிக்கு அன்றே மாற்றுங்கள்.

## சாப்பிட மறுக்கிறது

வயிறு தலையைவிட இரண்டு மடங்கு அகலமா? அப்படியென்றால் அது பட்டினி கிடக்கவில்லை, நிறைந்திருக்கிறது. இந்த விலங்குக்குக் கிடைத்தால் கிடைத்தவரை தின்னும் பழக்கம். வயிறு தரையில் இழுபடும் வரை தின்றுவிட்டு நடக்கவே முடியாமல் கிடக்கும். இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல் விடுங்கள்.

வயிறு சாதாரணமாக இருந்து மறுத்தால், முதலில் வெப்பமானியைப் பாருங்கள். வளைகுடாவில் இதுதான் முதல் காரணம். வெளியே 45 டிகிரி கொளுத்தும். அறைக்குள் ஏசி நாள் முழுவதும் 20-இல் ஓடும். அந்தத் தொட்டியில் விலங்கு குளிரில் கிடக்கிறது. செரிக்க முடியாதபோது அது இரையைத் தொடாது. சூடான முனையை 30-க்குக் கொண்டுவந்தால் ஓரிரு நாளில் தானே வேட்டையாடத் தொடங்கும்.

வெப்பமும் சரி என்றால் இரையை மாற்றுங்கள். தலையைவிட நீளமான கரப்பானைப் போட்டால் சில விலங்குகள் பின்வாங்கும். கடைகளில் கிரிக்கெட் என்று விற்கும் சுவர்க்கோழியில் சிறியதைப் போடுங்கள், இரவில் விளக்கணைத்த பிறகு. குட்டிகளுக்குக் கரையான் நல்ல உணவு. மாவுப்புழுவைப் போட்டால் அது மண்ணுக்குள் புதைந்துவிடும், ஆகவே இடுக்கியால் பிடித்துக் கொடுங்கள். வீட்டில் ஓடும் கரப்பானை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். குடியிருப்புகளில் மருந்து அடிப்பது வழக்கம். அந்த மருந்தைக் கரப்பான் சுமந்துகொண்டு வரும்.

இரை சரி, வெப்பம் சரி, வயிறு நிறைந்து பளபளக்கிறது, வளை வாயை மண்ணால் அடைத்துக்கொள்கிறது என்றால் அது தோலுரிக்கப் போகிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

இரையின் மேல் பாய்கிறது, பிடிக்கிறது, ஆனால் நசுக்க முடியாமல் விட்டுவிடுகிறது. இது வேறு வகை. பெரிதாக்கும் கண்ணாடியில் தாடையின் பற்களைப் பாருங்கள். வயதானவற்றில் பற்கள் தேய்ந்து மழுங்கியிருக்கும். சுவர்க்கோழியின் தலையை நசுக்கி, வயிற்றைக் கீறி, இடுக்கியால் தாடைக்கு அருகில் வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். தாடை ஒரு பக்கம் விரியாமல் தொங்கினாலோ, உடைந்திருந்தாலோ, ஊர்வன, பூச்சிகள் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். சிக்கியிருக்கும் நாரையோ பழைய தோலையோ நுண்ணோக்கியின் கீழ் எடுக்க அவரால் முடியும். உடைந்த தாடையைச் சரிசெய்ய அவராலும் முடியாது.

## அசையாமல் கிடக்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உயிரோடு இருக்கும் ஒட்டகச் சிலந்தியை வளர்ப்பவரே கொல்வது இங்கேதான் நடக்கிறது.

### மண்ணுக்கு அடியில், மூடிய அறைக்குள் கிடந்தால்

தொடாதீர்கள். வளரும் பருவத்தில் இருக்கும் குட்டி தோலுரிப்பதற்கு முன் வளையை அடைத்துக்கொண்டு, பல நாள் விறைத்துப்போய்க் கிடக்கும். ஊதினால் அசையாது, தொட்டியைத் தட்டினால் அசையாது. கண்ணாடி ஓரமாக அறை அமைந்து நம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் ஆபத்து அதிகம், ஏனென்றால் பார்க்கிறவருக்குக் கை சும்மா இருக்காது. கரண்டியால் தோண்டி வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, "காப்பாற்ற முயன்றேன்" என்பார்கள். அந்த நிலையில் வெளியே எடுத்த விலங்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தொட்டிக்குள் இருக்கும் இரைப் பூச்சி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சுவர்க்கோழி வளைக்குள் புகுந்து மென்மையான உடலைக் கடித்துத் தின்றுவிடும். அந்தப் பக்கக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். குழாய் வழியாக அடிமண்ணின் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேதியை எழுதி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

வெளியே வந்த பிறகும் உடனே உணவு கொடுக்கக் கூடாது. புதுத் தோலில் உடல் வெளிறி இருக்கும். தாடையின் நுனி கருஞ்சிவப்பாக இறுகிய பிறகுதான் முதல் இரை, அதுவும் சிறியது.

குளிர்காலம் உள்ள பகுதியிலிருந்து வந்த விலங்கு குளிர் மாதங்களில் இப்படியே உள்ளே அடைந்து கிடப்பதும் உண்டு. வயிறு வற்றாமல் இருக்கிறதா என்பதைக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

### மண்ணுக்கு மேலே கிடந்தால்

வளர்ந்த விலங்கு மேற்பரப்பில் கிடப்பது நல்ல அறிகுறி அல்ல. ஆனாலும் சாவு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மெல்லிய தூரிகையால் பின்காலைத் தொடுங்கள். கால் இழுத்துக்கொண்டால் உயிர் இருக்கிறது. அப்புறம் வரிசையாகப் பாருங்கள்.

குளிரில் விறைத்ததா? அறை 18 டிகிரிக்குக் கீழ் போயிருந்தால் சூடான முனைக்கு அருகில் நகர்த்தி, ஒரு மணி நேரம் பொறுங்கள்.

சூட்டில் விழுந்ததா? ஜன்னல் ஓரத்து வெயில் கண்ணாடித் தொட்டியில் நேராக விழுந்தால் சில நிமிடங்களே போதும். பாலைவன விலங்குதானே, வெயில் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். பாலைவனத்தில் அது பகலில் மண்ணுக்குள் இருக்கிறது. இருட்டான, 25 டிகிரி அளவு உள்ள இடத்துக்கு மாற்றி, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம்.

வயிறு சுருங்கிக் கிடந்தால் கீழே உள்ள பகுதி. கால்கள் துடித்தால் பூச்சிமருந்துப் பகுதி. எதுவும் இல்லை, மெதுவாகத் தளர்ந்திருக்கிறது என்றால் முதுமைப் பகுதி.

### தோலில் பாதி சிக்கிக்கொண்டது என்றால்

அடிமண் காய்ந்துபோனதும், நடுவில் தொந்தரவு செய்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். ஒரு காலின் நுனி மட்டும் சிக்கியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த தூரிகையால் அந்த இடத்தை மட்டும் ஈரமாக்கி, தானாக இழுத்துக்கொள்ளும்வரை விடுங்கள். நீங்கள் இழுக்க வேண்டாம். தாடையோ உடலோ சிக்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அங்கும் நம்பிக்கை குறைவுதான் என்று தெரிந்தே போங்கள்.

## வயிறு சுருங்கிச் சுருக்கம் விழுந்திருக்கிறது

இரண்டு காரணம் இருக்கலாம்: பசி அல்லது தாகம். பசியில் வயிறு ஒல்லியாகும், ஆனால் விலங்கு சுறுசுறுப்பாக இரை தேடும். தாகத்தில் வயிற்றில் நீளவாட்டில் மடிப்பு விழுந்து, நடை தளரும், இரையைப் பிடிக்கத் தெம்பு இருக்காது.

பெரும்பாலும் இவை இரையிலிருந்தே தண்ணீர் எடுத்துக்கொள்கின்றன, ஆனால் கிடைத்தால் குடிக்கும். "பாலைவனப் பிராணிக்குத் தண்ணீர் எதற்கு?" என்று கிண்ணமே வைக்காதவர்கள்தான் இந்தக் கோளாறோடு வருகிறார்கள். பாட்டில் மூடியில் சிறு கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மூழ்காத அளவு ஆழம் போதும்.

தளர்ந்துவிட்ட விலங்கை ஒரு சிறு அட்டையின் மேல் ஏற்றி, தாடை மட்டும் தண்ணீரைத் தொடும்படி மூடியின் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். இதன் மூச்சுத் துளைகளில் ஒரு ஜோடி இரண்டாவது காலுக்குப் பின்னால், உடலின் அடிப்புறத்தில் இருக்கிறது. உடலைத் தண்ணீரில் இறக்கினால் மூச்சு அடைபடும். கால் மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். குடித்தால் தாடைகள் மாறி மாறி அசைவது தெரியும். மறுநாள் வயிற்றைக் கீறிய ஒரு சுவர்க்கோழி.

டாரன்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தியை வளர்ப்பவர்கள் செய்வதுபோல ஈரத் துணி போட்ட டப்பாவில் நாள் கணக்கில் அடைத்து வைக்காதீர்கள். ஒட்டகச் சிலந்தி அந்த ஈரத்தைத் தாங்காது.

## வயிறு அளவுக்கு மீறி வீங்கியிருக்கிறது

குட்டி என்றால் தோலுரிப்பு நெருங்கியிருக்கலாம். வளர்ந்த பெண் என்றால் முட்டை இருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் அதிகத் தீனி. மூன்றுக்கும் உடனடி வேலை ஒன்றே: உணவை நிறுத்துங்கள், கூரான கற்களையும் முள்ளுள்ள குச்சிகளையும் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். இழுத்துப் பிடித்த தோல் கீறினால் கிழிந்துவிடும்.

வளர்ந்ததற்கு வாரம் இரண்டு நடுத்தரச் சுவர்க்கோழி என்பது ஒரு தொடக்கக் கணக்கு. அதற்குமேல் நாள்காட்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்துக் கொடுங்கள். வேட்டையாடுவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நண்பர்கள் வரும்போதெல்லாம் ஒரு பூச்சியைப் போட்டுக் காட்டுவது அந்த விலங்கின் நாட்களைக் குறைப்பது.

முட்டை என்றால் பெண் ஆழத்தில் அறை தோண்டி, கூட்டமாக இடும். எண்ணிக்கை 50 முதல் 200 வரை போகலாம். தோண்டிப் பார்க்க வேண்டாம். பொரித்த குஞ்சுகள் முதல் தோலுரிக்கும்வரை ஒன்றாகக் கிடக்கும். அதன்பின் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும், ஆகவே தனித்தனிக் குப்பியில் பிரிக்க வேண்டும்.

## உடலில் கறுப்பு அல்லது வெள்ளைப் புள்ளிகள்

முதலில் ஒரு நிம்மதி. நான்காவது ஜோடிக் கால்களின் அடிப்பகுதியில், உடலுக்கு அருகே, சிறு விசிறி வடிவில் வெளிர்நிறத்தில் தொங்குபவை உண்ணிகள் அல்ல. வளர்ந்த விலங்கில் ஒரு காலுக்கு ஐந்து இருக்கும். தரையில் உள்ள வாசனைகளை உணரும் உறுப்புகள் அவை. இடுக்கியால் பிடுங்க முயன்றவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

நகரும் புள்ளிகள் உண்ணி. கால் மூட்டுகளின் மென்மையான இடத்தில் ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டு இருந்தால் நனைத்த தூரிகையால் எடுக்கலாம். மண் முழுவதையும் மாற்றி, தொட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, மீந்த இரையை மறுநாள் காலையே எடுத்துவிடும் பழக்கத்தைத் தொடங்குங்கள். வாய்ப்பகுதியிலோ மூச்சுத் துளையிலோ கூட்டமாக ஒட்டியிருந்தால் மருத்துவரிடம் போங்கள். நாய், பூனைக்கு விற்கும் உண்ணி மருந்து எதையும் தடவ வேண்டாம். உண்ணியும் இதே வகுப்பைச் சேர்ந்த எட்டுக்கால் உயிர்தான். அதைக் கொல்லும் மருந்து இதையும் கொல்லும்.

பஞ்சுபோன்ற வெள்ளை, அல்லது பரவிக்கொண்டே போகும் கறுப்புத் திட்டு என்றால் பூஞ்சை. ஈரம்தான் காரணம். மஸ்கட், துபாய் போன்ற கடலோர ஊர்களில் கோடைக் காற்றிலேயே ஈரம் அதிகம். ஏசி இல்லாத அறையில் மூடிய தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். காய்ந்த புது மண், மேலே மட்டுமல்லாமல் பக்கத்திலும் காற்றோட்டத் துளை, தண்ணீர்க் கிண்ணம் சிறியது. திட்டு பரவாமல் நின்றுவிட்டால் பிழைக்கும், குட்டியாக இருந்தால் அடுத்த தோலோடு போய்விடவும் கூடும். கால் மூட்டுக்குள் அல்லது வாய்க்குள் போய்விட்ட பூஞ்சைக்கு நான் நம்பிச் சொல்லும் மருந்து எதுவும் இல்லை.

## கால்கள் துடிக்கின்றன, நடை கோணலாகிறது

பூச்சிமருந்து என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். கட்டடத்தில் மருந்து அடித்தார்களா? அறையில் கொசு லிக்விட் எரிகிறதா? பக்கத்து அறையில் ஸ்பிரே? சுவர்க்கோழி எங்கிருந்து வந்தது? பிடிபட்டதே மருந்து அடித்த மறுநாள் என்றால், வெளியே ஓடிவந்ததே அதனால்தானாக இருக்கும்.

மாற்று மருந்து கிடையாது. புதிய டப்பா, புதிய மண், சுத்தமான காற்று, குடிக்கத் தண்ணீர், இருட்டு. ஓரிரு நாள் தாண்டினால் வாய்ப்பு உண்டு.

முதல் ஜோடிக் கால்களைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். அவை மெல்லிய தொடுகால்கள், ஓடுவது மற்ற மூன்று ஜோடிகளால்தான். அதேபோல் தாடைகளை உரசிக் கரகரவென்று ஒலி எழுப்புவது மிரட்டல். தொட்டியை விட்டு விலகி நில்லுங்கள், அவ்வளவுதான்.

## கால் முறிந்து திரவம் கசிகிறது

மக்காச்சோள மாவைத் தூரிகை நுனியில் எடுத்து வெட்டுவாயில் அப்புங்கள். நிற்கவில்லை என்றால் சூப்பர் குளூ ஒரு சிறு துளி, பக்கத்து மூட்டில் படாமல். உடலில் கிழிசல் என்றால் மருத்துவர். வளர்ந்த விலங்கு மறுபடி தோலுரிப்பதில்லை, ஆகவே போன கால் வராது. ஒரு கால் இல்லாமலும் வேட்டையாடி வாழும்.

## தொட்டியில் காணவில்லை

முதலில் மண்ணுக்குள் இருக்கிறதா என்று யோசியுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூடி நகர்ந்திருந்தால் மட்டும் வீட்டில் தேடுங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கால்களின் நுனியில் ஒட்டும் உறுப்பு உண்டு. அதைக்கொண்டு கண்ணாடியைப் பற்றி ஏறிவிடும். இறுக்கமான மூடியும் நுண்ணிய எஃகு வலையும் வேண்டும். நைலான் வலையை நம்பாதீர்கள். தேடும்போது விளக்கணைத்து, குளிர்சாதனப் பெட்டியின் அடி, காலணிகள், ஈரத் துணிக் குவியல் என்று பாருங்கள். அகன்ற டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடியுங்கள்.

## கடித்துவிட்டது

கேலியோடெஸுக்கு விஷம் இல்லை. 1978-இல் இந்தியாவில் ரேகோடெஸ் நிக்ரோசிங்டஸ் என்ற வேறொரு வகையில் விஷச் சுரப்பி இருப்பதாக ஓர் ஆய்வு வெளிவந்தது, ஆனால் அதன் பிறகு அது உறுதிப்படவில்லை. ஈராக் போரின்போது உலகம் முழுக்கப் பரவிய படத்தில் ஆள் கால் நீளத்துக்குத் தெரிந்ததும் ஒரே விலங்கு அல்ல, ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட இரண்டு, அதுவும் கேமராவுக்கு மிக அருகில்.

ஆனால் தாடை பலமானது. தோல் கிழியும், இரத்தம் வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கிருமிநாசினி தடவுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, டெட்டனஸ் ஊசி போட்டுப் பல ஆண்டு ஆகியிருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மறுநாள் சிவந்து வீங்கி, சூடாக, சீழ் வைத்தால் தாமதிக்கவே கூடாது. மூச்சுத் திணறலோ உடல் முழுக்க மரத்துப்போவதோ இருந்தால் கடித்தது ஒட்டகச் சிலந்தியாக இருக்காது, தேளாக இருக்கலாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

## மெதுவாகத் தளர்கிறது, எதிலும் கோளாறு தெரியவில்லை

மண், வெப்பம், ஈரம், இரை எல்லாம் சரிபார்த்த பிறகும் நாளுக்கு நாள் நடை குறைந்து, வளைக்குத் திரும்பாமல், இரையைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தால் அது முதுமை. ஒட்டகச் சிலந்திகளில் பெரும்பாலானவற்றின் ஆயுள் ஓராண்டு அளவுதான். நீங்கள் பிடித்தபோதே அது வளர்ந்திருந்தால் மிச்சம் இருந்தது சில வாரங்களோ சில மாதங்களோ. ஆண்கள் இணைசேர்ந்த பின் சீக்கிரமே போய்விடும், முட்டையிட்ட பெண்ணும் நெடுநாள் இருப்பதில்லை. உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள், மருந்து தேடி அலையவும் வேண்டாம். தண்ணீரும் இருட்டும் கொடுத்து, கையில் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

இறந்த பின் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இவற்றைப் பற்றிய ஆய்வு இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது, இடமும் தேதியும் தெரிந்த ஒரு மாதிரி அருகிலுள்ள பல்கலைக்கழக விலங்கியல் துறைக்குப் பயன்படும். கேட்டுவிட்டுக் கொடுங்கள். 70 முதல் 80 சதவீத எத்தனால் உள்ள சிறு குப்பியில் உடல் முழுவதும் மூழ்கும்படி போட்டு, பிடித்த இடம், தேதி, ஆணா பெண்ணா என்பதை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனாவில் எழுதினால் மை கரைந்துவிடும்.